கேள்வி - பதில்: விட்ட இடத்தில் தொடுவது எப்படி?

கேள்வி: செம்பனைத் தோட்ட ஆபீசில் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன். மாதக் கடைசியில் செக்ரோல் (ஆள்வாரி வேலை, சம்பளப் பதிவேடு) முடிப்பதற்குள் உயிர் போய்விடுகிறது. எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) கொடுக்க ஒருவர், முன்பணம் கேட்டு ஒருவர், லோரி டிரைவர், மானேஜர், போன் என்று இரண்டு வரி எழுதி நிமிர்வதற்குள் யாராவது கூப்பிடுகிறார்கள். சாயங்காலம் கூட்டிப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. கவனம் சிதறாமல் இருக்க என்ன வழி?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: கவுண்டர் இருக்கிற ஆபீசில் கவனம் சிதறத்தான் செய்யும். சிதறிய பிறகு கணக்கு கெடாமல் பார்த்துக்கொள்வதே நம்மால் ஆகிற காரியம்.

2014இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், வரிசைப்படி செய்யவேண்டிய வேலையில் சராசரி 2.8 விநாடி குறுக்கிட்டதற்கே வரிசைப் பிழை இரட்டிப்பானது, 4.4 விநாடிக்கு மூன்று மடங்கு. "அண்ணே, எம்சிய எங்க வைக்கிறது?" என்று கேட்க அவ்வளவு நேரம் போதும். கை தன் வேலையைச் சரியாகவே செய்யும். எந்தப் படியில் நிற்கிறோம் என்பதுதான் நழுவும். செக்ரோலில் 17ஆவது ஆள் அறுத்த பழக்குலைகளின் எண்ணிக்கை 18ஆவது ஆளின் வரியில் ஏறி, அதற்குக் கீழே எல்லாமே ஒரு படி இறங்கிவிடும்.

ஆகவே வேலையை மண்டோர் (கங்காணி) வாரியாகத் துண்டு போடுங்கள். ஒரு மண்டோர், ஒரு நாள். பதினைந்து இருபது பெயர்தான் வரும். எழுத ஆரம்பிக்கும் முன்பே மண்டோர் புத்தகத்தைக் கூட்டி, மொத்தக் குலையை ஒரு துண்டுத் தாளில் குறியுங்கள். பதிந்து முடித்துக் கூட்டியதும் இரண்டும் ஒத்துப்போனால் ஒரு டிக். டிக் விழாமல் அடுத்த மண்டோர் புத்தகத்தைத் திறக்கக் கூடாது. எழுதி முடித்த வரிக்குக் கீழே நீள ரூலர் ஒன்று எப்போதும் கிடக்கட்டும்.

பாதியில் யாராவது கூப்பிட்டால் தலையைத் தூக்குவதற்கு முன் அதே தாளில் எழுதுங்கள்: "மண்டோர் 3, தேதி 24, அடுத்து 18ஆவது ஆள்". விரலை வரியில் வைத்துக்கொண்டு பேசலாம் என்று நினைக்காதீர்கள். எம்சியை வாங்க அந்தக் கைதான் முதலில் நீளும். திரும்பி வந்ததும் 17ஆவது வரியை ஒரு தடவை வாசித்துவிட்டு 18க்குப் போங்கள்.

மொத்தம் இடித்தால் முதலில் வித்தியாசத்தைப் பாருங்கள். அது 9ஆல் மீதமில்லாமல் வகுபட்டால் பெரும்பாலும் இலக்கம் இடம் மாறியிருக்கும்: 87க்குப் பதில் 78. ஒரே ஆளின் எண்ணிக்கைக்குச் சமமாக இருந்தால் அவரை விட்டிருப்பீர்கள், அல்லது இரண்டு தடவை எழுதியிருப்பீர்கள். மோசமானது இன்னொன்று. மொத்தம் கச்சிதமாக ஒத்துப்போகும், வரி மட்டும் நழுவியிருக்கும். ஒருவர் உழைப்புக்கு இன்னொருவர் சம்பளம் வாங்கிப் போவார். அதற்காகக் கடைசி ஆளின் எண்ணையும் நடுவில் ஓர் ஆளின் எண்ணையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுவிட்டுப் பிறகு டிக் போடுங்கள்.

"மாதக் கடைசியில்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் உதைக்கிறது. நேற்றைய கணக்கை இன்று காலை பெரட்டு (வேலைக்கு முன் ஆள் கூடிப் பெயர் கொடுப்பது) கலைந்த பிறகு, 7 மணியிலிருந்து 9 மணிக்குள் பதிந்துவிடுங்கள். அறுவடைக்காரர்கள் காட்டில் இருப்பார்கள், லோரியும் வந்திருக்காது. சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள், இபிஎப்பும் (ஊழியர் சேமநிதி) சொக்சோவும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) 15க்குள் என்று சட்டம் கழுத்தில் கத்தி வைத்திருக்கும்போது, 30 நாள் கணக்கை மூன்று நாளில் எழுதுவது வீண் வீம்பு.

கவுண்டருக்கு இரண்டு வேளை வைத்து, தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டுங்கள். மற்ற நேரத்தில் வருகிறவர்கள் எழுதிப் போட ஒரு தட்டு, சீட்டு, பேனா. வேலையிட விபத்துக்கு மட்டும் உடனே எழுந்துவிட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவித்தாக வேண்டும். மானேஜர் கூப்பிட்டால், "ஐயா, இந்த மண்டோர் கணக்க முடிச்சிட்டு அஞ்சு நிமிசத்துல வரட்டுங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள்.

கேள்வி: வீட்டில் ரவிக்கை தைக்கிறேன். தீபாவளி நெருங்கினால் அளவு கொடுக்க வருபவர்கள், பிள்ளைகள், அடுப்பு. ஒரு நாளைக்கு மூன்று ரவிக்கைகூட முடிவதில்லை.
- வாசகி, பாகான் செராய்

பதில்: அக்கா, எல்லா வேலையும் ஒரே மாதிரி கெடாது. ஊக்கு வைப்பது, கைத்தையல் மடிப்பு, நூல் பிசிறு வெட்டுவது எல்லாம் வாயாடிக்கொண்டே செய்யலாம். வெட்டுவது அப்படியல்ல. துணியைத் திருப்பி வைக்க மறந்த அரை நிமிடத்தில் இரண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வெட்டுப்பட்டுவிடும்; துணி மிச்சமில்லையென்றால் அழுகைதான். அடுப்பு மூட்டும் முன், விடியலில் அன்றைய ரவிக்கைகள் எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். கையை வெட்டும் முன் இரண்டு துண்டிலும் "இ", "வ" என்று சுண்ணக்கட்டியால் எழுதுங்கள்.

வெட்டிய துண்டுகளை அளவுச் சீட்டோடு ஆளுக்கொரு பையில் போட்டு, ஒரே நிற நூல் வேண்டியவற்றைச் சேர்த்து வையுங்கள். மெஷினில் இருக்கும்போது கூப்பிட்டால் ஊசியைத் துணியில் இறக்கிவிட்டு எழுந்திருங்கள். தையல் கோடு நகராது. அளவெடுக்க மாலை 5க்கு மேல் வரச்சொல்லுங்கள். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது புதுத் துணி வாங்காதீர்கள், சொந்தக்காரர்களிடமும்.

கேள்வி: பிற்பகல் இடிமழை வந்தால் கரண்ட் போய், கணினியில் அடித்ததெல்லாம் போய்விடுகிறது. யுபிஎஸ் வாங்கினால் போதுமா?
- வாசகர், தெலுக் இந்தான்

பதில்: போதும், கணினியையும் திரையையும் மட்டும் அதில் செருகினால். லேசர் பிரிண்டரைச் செருகாதீர்கள். உள்ளே இருக்கும் சூடேற்றி ஒரே இழுப்பில் நிறைய மின்சாரம் கேட்கும், யுபிஎஸ் அலறிக்கொண்டு அணைந்துவிடும். எக்செல்லில் மீட்புப் பிரதி எடுக்கும் இடைவெளி வழக்கமாக 10 நிமிடம். அதை 2 ஆக்குங்கள். யுபிஎஸ் சில நிமிடம்தான் தாங்கும். கரண்ட் போனதும் வேலையைத் தொடராமல் சேமித்து, அடுத்து எந்த வரி என்று தாளில் குறித்துவிட்டு அணையுங்கள்.