ஏற்காட்டில் பால் பைத்தான் (ball python, ஆப்பிரிக்க மலைப்பாம்பு) வளர்க்கிறேன். கூண்டுக்குள் ஈரப்பதம் எவ்வளவு இருக்க வேண்டும்? தினமும் தண்ணீர் தெளித்தால் போதுமா?

உங்கள் கேள்வியில் ஏற்காடு என்று போட்டிருந்ததால்தான் எழுத உட்கார்ந்தேன். தெளிக்காதீர்கள்.

55 முதல் 65 சதவீதம், சட்டை உரிக்கிற நாட்களில் 70 வரை. எல்லாரும் சொல்கிற கணக்குதான். ஆனால் உங்கள் ஈரப்பத மீட்டர் உண்மை சொல்கிறதா?

என் பாம்பு சேலத்தில், அம்மாபேட்டை வீட்டில் வளர்ந்தது. கூண்டோடு கடைக்காரர் ஒட்டிக் கொடுத்த முள் மீட்டர் எப்போதும் 60-லேயே நிற்கும். ஏப்ரல் வெயிலில் 60 எப்படி வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த மாதம் சட்டை முழுசாகக் கழலாமல் வெங்காயச் சருகு மாதிரி முதுகெல்லாம் ஒட்டிக்கிடந்தது. இரண்டு கண் மேலும் பழைய படலம். பிய்க்கக் கை போனது. பிய்த்திருந்தால் கண்ணே போயிருக்கலாம். டப்பாவில் ஓட்டை போட்டு, நனைத்துப் பிழிந்த பாசியை (மாஸ்) நிரப்பி உள்ளே வைத்தேன். அடுத்த முறை உரித்தபோதுதான் படலம் கழன்றது.

அதன் பிறகு மீட்டரைச் சோதித்தேன். பாட்டில் மூடியில் கல்லுப்பு, கூழாகிற அளவுக்கு நாலு சொட்டுத் தண்ணீர், மீட்டரோடு சேர்த்து ஜிப் கவரில் ஒரு நாள். 75 காட்ட வேண்டும். முள் 60-ஐ விட்டு அசையவில்லை. புதிதாக வாங்கிய டிஜிட்டல் 73 காட்டியது, இரண்டு கூட்டிப் படிக்கிறேன். அதைக் கூண்டில் வைத்த அன்று 34!

வேலை மாறி ஏற்காடு வந்தோம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் காற்றே வேறு என்று தெரிந்தும், அங்கே காலை மாலை தண்ணீர் தெளித்த பழக்கத்தை விடவில்லை. ஈரம் போகக் கூடாதென்று சேலத்தில் காற்றுத் துளைகளில் ஒட்டிய டேப்பும் அப்படியே இருந்தது. அக்டோபர் மழை, கரன்ட் கட், சூட்டு மேட் அணைந்து கிடந்த ராத்திரிகள். ஒருநாள் தலையை மேலே தூக்கி, வாயைத் திறந்தபடி மூச்சு விட்டது. வாயோரம் நுரை. பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நுரையீரல் தொற்று, வாரக்கணக்கில் ஊசி.

கெடுத்தது ஈரம் மட்டும் இல்லை. ஈரம், குளிர், காற்றோட்டமின்மை மூன்றும் சேர்ந்தால் ஆபத்து அதிகம். அதனால் துளைகளைத் திறந்து வையுங்கள். சூட்டுப் பக்கம் 31, 32 டிகிரி, எதிர்ப்பக்கம் 26. மேட்டுக்குச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம், முடிந்தால் இன்வெர்ட்டர். தேங்காய் நார்த்தூளைக் கையில் பிழிந்தால் ஒரு சொட்டுகூட வடியக் கூடாது. பாசி டப்பா உரிக்கிற சமயம் மட்டும் போதும்.

"பாம்பை அடைத்து வைப்பது பாவம், குற்றம்" என்று வரப்போகிறவர்களுக்கு: சாரை, நல்லபாம்பு, நம் மலைப்பாம்பு எதையும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வளர்க்க முடியாது, நானும் வளர்க்கவில்லை. இது ஆப்பிரிக்க இனம். வெளிநாட்டு விலங்குகளைப் பதியச் சொல்லும் 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிந்திருக்கிறேன். நீங்களும் பதிந்திருக்கிறீர்கள் என்றே நம்புகிறேன்.

பூட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. தள்ளு கண்ணாடிக் கதவு என்றால் ஹார்டுவேர் கடையில் ஷோகேஸ் பூட்டு கிடைக்கும், இன்றே வாங்கி மாட்டிவிடுங்கள்.