பழைய மாஸியா, ஐச்சரா? டீசல் கணக்கை ஏக்கரில் போடுங்கள்

கேள்வி: துறையூர் பக்கம் ஆறு ஏக்கர் இருக்கிறது. நாலு ஏக்கர் மானாவாரி, ரெண்டு ஏக்கர் நஞ்சை. 1980-களின் கடைசியில் வந்த மாஸி பெர்குசன் 1035 ஒன்றும், அதைவிடச் சில வருடம் இளைய ஐச்சர் 241 ஒன்றும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வருகின்றன. எது டீசல் குறைவாகக் குடிக்கும், எது நாள்பட உழைக்கும்? சொந்த வேலை போக வாடகைக்கும் ஓட்ட எண்ணம்.

பதில்: மணிக்கு எத்தனை லிட்டர் என்று விற்பவரைக் கேட்டால் ஐச்சர்தான் ஜெயிக்கும். அது ஒற்றை சிலிண்டர், 25 குதிரைத்திறன். மாஸி மூன்று சிலிண்டர், 35-ஐ ஒட்டிய திறன். சின்ன இன்ஜின் மணிக்குக் குறைவாகக் குடிப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் உங்கள் பணம் செலவாவது ஏக்கர் கணக்கில். ஒரு பேச்சுக்கு, மாஸி ஒன்பது கொத்துக் கலப்பையோடு மணிக்கு நாலரை லிட்டர் குடித்து ஒரு ஏக்கரை ஒரு மணியில் முடிக்கிறது என்று வையுங்கள். ஐச்சர் மணிக்கு மூன்று லிட்டர்தான் குடிக்கிறது, ஆனால் அதே ஏக்கருக்கு ஒன்றரை மணி எடுக்கிறது. ரெண்டுக்கும் நாலரை லிட்டர்தான். மிச்சமான அரை மணி நேரம் மட்டும் மாஸிக்காரருக்கு லாபம்.

பாரம் குறைந்த வேலையில் இது தலைகீழாகும். மருந்தடிப்பது, காலி டிரெய்லர் இழுப்பது, வைக்கோல் ஏற்றுவது மாதிரி வேலைக்குப் பெரிய இன்ஜினை ஓட்டினால் செய்கிற வேலைக்கு மேல் டீசல் எரியும். சொந்த ஆறு ஏக்கருக்கு மட்டும் என்றால் ஐச்சரே போதும் என்பேன். வாடகைக்கு ஓட்டப்போகிறீர்கள், ரோட்டவேட்டர் கேட்பார்கள், சேற்றுழவு கேட்பார்கள். அதற்கு மாஸி.

இன்னொரு விஷயம். டிராக்டர்களைச் சோதிக்கும் மத்திய அரசு நிலையம் மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் இருக்கிறது. அதன் அறிக்கைகளில் ஒரு கிலோவாட் மணி வேலைக்கு எத்தனை கிராம் டீசல் என்று போடுவார்கள். அந்த எண் புது இன்ஜினுக்கு உரியது. முப்பது வருடம் ஓடிய வண்டியில் டீசல் பம்பும், டீசலைத் தெளிக்கும் நாசிலும், சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் கம்ப்ரஷனும் எப்படி இருக்கின்றன என்பதுதான் கணக்கு. 250 கிராமில் முடிய வேண்டிய வேலை, நாசில் ஒழுகி, கம்ப்ரஷன் குறைந்து 300 கிராமுக்குப் போகிறது என்று வையுங்கள். 20 குதிரைத்திறன், அதாவது 15 கிலோவாட் அளவு பாரத்தில் மணிக்கு 750 கிராம் கூடுதல். கிட்டத்தட்ட 0.9 லிட்டர். எட்டு மணி நேர உழவில் ஏழு லிட்டர் வீண். மாடலுக்கு மாடல் இருக்கிற வித்தியாசத்தை இந்தத் தேய்மானம் ஒன்றே விழுங்கிவிடும்.

உழைப்பு விஷயத்தில் ரெண்டுமே உறுதியான வண்டிகள்தான். மாஸியை டாஃபே நிறுவனம் சென்னையில் செய்தது, பெர்க்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி வழிவந்த சிம்சன் இன்ஜின். ஊருக்கு ஊர் இதைப் பிரித்துக் கோர்க்கத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறார், லைனர், பிஸ்டன், பேரிங் சுலபமாகக் கிடைக்கும். பழைய வண்டியின் ஆயுள் பாதி இதில்தான் இருக்கிறது. ஐச்சரில் காற்றுக் குளிர்ச்சி என்பதால் ரேடியேட்டர், வாட்டர் பம்ப் தொல்லை கிடையாது. ஆனால் சிலிண்டரைச் சுற்றியுள்ள துடுப்புகளில் தூசியும் உமியும் எண்ணெயோடு சேர்ந்து அடைத்துக்கொண்டால் சூடு வெளியேறாது, பிஸ்டன் பிடித்துவிடும். பார்க்கப் போகும்போது டார்ச் அடித்து அந்த இடுக்குகளைப் பாருங்கள். அதைச் சுத்தமாக வைத்திருப்பவர் மற்றதையும் கவனித்திருப்பார்.

வாங்கும் முன், இன்ஜின் ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போதே சூடாக இருந்தால் இன்னொரு நாள் போங்கள். அரை மணி ஓட்டிவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், விட்டுவிட்டு ஊதுகிற மாதிரி புகை அடித்தால் ரிங், லைனர் தேய்ந்திருக்கிறது. சூடான பிறகு ஆயில் பிரஷர் விழுகிறதா என்பது கிராங்க் பேரிங்கைக் காட்டும். நீலப் புகை ஆயில் எரிவது. பாரம் இல்லாமலே கரும்புகை என்றால் நாசில், பம்பு, அல்லது அடைத்துப்போன ஏர் கிளீனர். மாஸியில் கலப்பையைத் தூக்கி வைத்து இன்ஜினை நிறுத்துங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கினால் ஹைட்ராலிக்கில் கசிவு. அப்புறம் ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா பாருங்கள், பதினைந்து வருடம் தாண்டிய வண்டி.

டயரை மறந்துவிடாதீர்கள். பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, கலப்பையைத் தூக்கி வைத்து பத்துச் சுற்று ஓடும் தூரத்தை அளங்கள். பிறகு கலப்பையை இறக்கி, அதே பத்துச் சுற்று. 40 மீட்டர் ஓடியது 34 மீட்டருக்கு வந்தால் சறுக்கல் 15 சதவீதம், அது பரவாயில்லை. 30 மீட்டருக்குக் கீழே போனால் டீசலில் கால்பங்குக்கு மேல் சக்கரத்தைச் சுழற்றவே போகிறது. டயர் மாற்றுகிற செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

வாங்கியதும் ஆயில், பில்டர்கள் மாற்றி, நாசிலையும் பம்பையும் காலிபரேஷனுக்கு, அதாவது டீசல் அளவைச் சரிபார்க்கக் கொடுங்கள். சமதளத்தில் டேங்கை விளிம்பு வரை நிரப்பி, ஒரு ஏக்கர் உழுது, அதே இடத்தில் நிறுத்தி அளவுக் குவளையால் மறுபடி நிரப்புங்கள். ஊற்றிய லிட்டரைக் குறித்து வைத்து, ஒவ்வொரு பருவமும் அதே நிலத்தில் அளந்தால் நாசில் எப்போது கெடுகிறது என்று புகை வரும் முன்பே தெரிந்துவிடும்.