மே மாதச் சம்பளமும் ஈர விறகும்

கேள்வி: என் மகன் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கி, ஆறு வருடமாக அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறான். வயது 34. மாதம் 25,000 ரூபாய். மே மாதம் அதுவும் கிடையாது. ஏதாவது கம்பெனியில் சேரச் சொல்லி உறவினர்கள் நச்சரிக்கிறார்கள். தத்துவப் பேராசிரியராக இருந்தவர் நீங்கள். நான் அவனிடம் என்ன சொல்லட்டும்?
– ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: அம்மா, நானும் ஒன்பது வருடம் மணிக்கணக்குச் சம்பளத்துக்குத் தத்துவம் நடத்தியவன்தான். மே பிறந்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். அதனால் ‘பொறுத்திருக்கச் சொல்லுங்கள்’ என்று சுலபமாக எழுதிவிட மனம் வரவில்லை.

முதலில் ஒன்று கேளுங்கள்: கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகளான நெட் அல்லது செட் தேறியிருக்கிறாரா? உதவிப் பேராசிரியர் பணிக்கு அதையே அடிப்படைத் தகுதியாகப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2023-இல் அறிவித்தது. முனைவர் பட்டத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அப்புறம், பணி அனுபவச் சான்றிதழைக் கல்லூரியில் வருடாவருடம் கையோடு வாங்கிவிட வேண்டும். நம் ஊரில் தத்துவத் துறை உள்ள கல்லூரிகள் குறைவு; வெளிமாநில விளம்பரங்களையும் பார்க்கட்டும். நிரந்தர வேலை கிடைத்தால் தொடக்க அடிப்படைச் சம்பளமே 57,700 ரூபாய்.

எனக்கு அந்த ஒன்பது வருடமும் துணையாக இருந்தவர் ஜெர்மானியத் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட். 1755-இல் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் ஆனார். பல்கலைக்கழகம் சம்பளம் தராது. வகுப்புக்கு வரும் மாணவர்கள் கொடுக்கும் கட்டணம்தான் வருமானம். தர்க்கம், கணிதம், புவியியல் என்று எது கேட்டாலும் நடத்தினார். 1758-இல் காலியான பேராசிரியர் பதவி வேறொருவருக்குப் போனது. 1764-இல் கவிதைத் துறைப் பதவி தேடி வந்தபோது, தன் துறை அதுவல்ல என்று மறுத்துவிட்டார். நிரந்தர வருமானம் இல்லாத நிலையிலும்! அதே காலத்தில் ஹெர்டர் என்ற ஏழை மாணவரைக் கட்டணம் வாங்காமல் வகுப்பில் உட்கார வைத்தார். நிரந்தரப் பேராசிரியர் பதவி 1770-இல்தான் கிடைத்தது. பதினைந்து வருடம்! அவர் பெயர் நிலைக்கக் காரணமான ‘தூய அறிவின் விமர்சனம்’ என்ற நூல் வெளிவர இன்னும் பதினோரு வருடம் ஆனது. அப்போது வயது 57.

ஆனால் காண்ட்டுக்குக் குடும்பம் கிடையாது. உங்கள் வீட்டு அடுப்பு உங்கள் மகனை நம்பி எரிகிறது என்றால், இன்னும் இரண்டு வருடம் என்று கெடு வைத்துக்கொள்வதில் தவறில்லை. நானும் வைத்துக்கொண்டேன்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டுக்கு வரும்போது ‘வேலை நிரந்தரமாயிற்றா’ என்று கேட்காமல், ‘வகுப்பில் என்ன நடத்தினாய்’ என்று கேளுங்கள். என் அம்மா ஐந்தாவது வரைதான் படித்தவர். ஒரு நாள் அப்படித்தான் கேட்டார். இந்தியத் தர்க்க மரபான நியாய தரிசனத்தில் வரும் அனுமானத்தை, அதாவது தெரிவதை வைத்துத் தெரியாததை அறிவதைச் சொன்னேன்: மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு. ‘அப்போ நெருப்பு தெரிஞ்சா புகை இருக்குமா?’ என்றேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்து, ‘எப்படிடா இருக்கும்? கங்குல புகை ஏது? விறகு ஈரமா இருந்தாத்தானே புகையும்’ என்றார்.

ஈர விறகு! ஒரு முடிவு சரியாக வர மறைவாகத் தேவைப்படும் நிபந்தனையை நியாய நூல்கள் ‘உபாதி’ என்கின்றன; அந்தத் தலைப்பில் அவை காட்டும் அதே உதாரணம். மறுநாள் வகுப்பில் அம்மா சொன்னதாகவே அதைச் சொல்லி நடத்தினேன். ஓய்வுபெறும் வரை உபாதிக்கு வேறு உதாரணம் நான் தேடவில்லை.