முழங்கைக்கு மேலே பிளேட் வைத்து ஐந்து வாரமாகியும் அம்மாவின் கை முழுசாக மடங்கவுமில்லை, நீளவுமில்லை. பழையபடி ஆகுமா?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது: அம்மாவுக்கு 58 வயது, படியில் வழுக்கி விழுந்து வலது மேல்கை எலும்பின் கீழ்முனை உடைந்தது, இரண்டு பிளேட் வைத்தார்கள், இப்போது கை தொண்ணூறு டிகிரியிலேயே நிற்கிறது, ஊரில் ஒருவர் எண்ணெய் போட்டு நீவிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார், நீவ விடலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீவ விட வேண்டாம். யார் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் சரி.

நான் டாக்டர் இல்லை. மதுரையில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எனக்கும் அதே எலும்பு, அதே இடம், அதே வலது கை. மழை ஈரத்தில் மொட்டை மாடிப் படியில் துணி வாளியோடு விழுந்தேன். பார்க்க வந்த சொந்தபந்தத்தில் பாதிப் பேர் உங்களுக்குச் சொன்னதையே எனக்கும் சொன்னார்கள். அடிபட்ட முழங்கையை அழுத்தி நீவினாலோ, வலிக்க வலிக்க வேறொருவர் பிடித்து மடக்கினாலோ, சதைக்குள் எலும்பு விளைய ஆரம்பித்துவிடலாம். அடிபட்டால் மற்ற பல மூட்டுகளைவிட முழங்கைக்கு இந்தத் தொல்லை அதிகம். முழங்கைக்கு முன்னால் ஒரு தசை மூட்டின் உறையை ஒட்டியே ஓடுகிறது. அது நசுங்கி உள்ளே ரத்தம் கட்டினால் அந்த இடத்தில் சுண்ணாம்பு படிந்து எலும்பாகவே மாறிவிடும். அப்படி ஆகிவிட்டால் அது முற்றும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து, இன்னொரு ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும். வீங்கியிருக்கிற காலில் யாரோ தைலம் தேய்த்துவிடுவதுபோல இதையும் நினைக்கக்கூடாது.

இனி கை ஏன் நிற்கிறது என்பது. மேல்கை எலும்பு முழங்கைக்கு வரும்போது தட்டையாகி, உள்பக்கம் ஒன்று வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு தூணாகப் பிரிகிறது. நடுவில் ஓர் உருளை. அந்த உருளையில்தான் முன்கை எலும்பு ஏறி இறங்குகிறது. இரண்டு தூணும் உடைந்தால் ஒரு பிளேட் தாங்காது, அதனால்தான் இரண்டு. மாவுக்கட்டு மட்டும் போட்டுப் பெரியவர்களின் முழங்கையை ஆறு வாரம் ஆடாமல் அசையாமல் வைத்தால் எலும்பு கூடிவிடும், ஆனால் மூட்டு பூட்டிக்கொள்ளும். பிளேட் வைப்பதே சீக்கிரம் அசைக்கத்தான். அப்படியும் உறை தடித்துச் சுருங்கத்தான் செய்யும். மடக்கி நீட்டுவதற்கு இரண்டு மூட்டு, உள்ளங்கையைத் திருப்புவதற்கு ஒரு மூட்டு என்று மூன்று மூட்டுகள் ஒரே உறைக்குள் நெருக்கிக்கொண்டு இருக்கிற இடம் அது. ஐந்து வாரத்தில் தொண்ணூறு டிகிரியில் நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிடவும் கூடாது. எலும்பு கூடுவதற்கு ஏறக்குறைய மூன்று மாதம். கை அசைவு பெரும்பாலும் முதல் ஆறு மாதத்தில் கிடைக்கும், அதற்குப் பிறகும் ஒரு வருடம்வரை துளித்துளியாகக் கூடும்.

அம்மாவின் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள். 'ஒலெக்ரனான் ஆஸ்டியாட்டமி' என்று ஒரு வரி இருக்கலாம். மூட்டுக்குள்ளேயே விரிசல் போயிருந்தால், உள்ளே நன்றாகத் தெரிவதற்காக, நாம் மேஜையில் ஊன்றுகிற அந்த முழங்கை முனையை டாக்டரே வெட்டித் தூக்கி வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் கம்பியோ பிளேட்டோ போட்டுத் திரும்பப் பொருத்துவார். விழுந்ததில் உடைந்தது ஒன்று, ஆபரேஷனில் வெட்டியது ஒன்று என இரண்டும் கூட வேண்டும். கையை நீட்டுகிற பின்பக்கத் தசை அந்த முனையில்தான் பிடித்திருக்கிறது. அதனால் முதல் ஆறு வாரமாவது அந்தக் கையை ஊன்றி எழுந்திருக்கக்கூடாது. நாற்காலிக் கைப்பிடி, கட்டில் விளிம்பு, தரையில் உட்கார்ந்து எழும்போது ஊன்றுகிற உள்ளங்கை, எதுவும் வேண்டாம். நம் வீடுகளில் தரையில் உட்காரும் பழக்கம் இருப்பதால் இதைத் தினமும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கும். என் தங்கை நான் எழும்போதெல்லாம் "அக்கா, கை!" என்று ஒரு அதட்டல் போடுவாள்.

பிசியோ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கை வருவதும் வராததும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

எனக்குச் சொல்லிக்கொடுத்த பிசியோ பெண் முதல் நாளே என் கையைத் தொடவில்லை. தோளைப் பிடித்தாள். "அம்மா, நீங்க கையை மடக்கலை, தோளைத் தூக்குறீங்க" என்றாள். கண்ணாடி முன்னால் நிற்கவைத்துக் காட்டியபோதுதான் புரிந்தது. முழங்கை அசையாத இடத்தில் தோள் காதுவரை ஏறி, உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து, ஏதோ மடங்கின மாதிரி ஒரு தோற்றம். உங்கள் அம்மாவும் இதைச் செய்வார், செய்கிறோம் என்பதே தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இதற்கு நல்ல வழி மல்லாந்து படுத்துச் செய்வது. மேல்கையைக் கூரையைப் பார்த்து நிமிர்த்தி, நல்ல கையால் அடிபட்ட கையின் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு, முன்கையை மெல்ல நெற்றியை நோக்கி இறக்க வேண்டும். முன்கையின் எடையே மடக்கிக் கொடுக்கும். யாரும் அழுத்தத் தேவையில்லை. வலி ஆரம்பிக்கிற இடத்தில் நிறுத்தி, மூச்சை அடக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தால் அங்கிருந்து இன்னும் ஒரு விரற்கடை இறங்கும். நீட்டுவதற்கு மேஜை ஓரம். மடித்த துண்டின்மேல் மேல்கையை வைத்து, முன்கையை மேஜைக்கு வெளியே தொங்கவிட்டால் போதும். உள்ளங்கையைத் திருப்புவதற்கு, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஒரு நீளக் கரண்டியைப் பிடித்து இரண்டு பக்கமும் சாய்ப்பது. ஆஸ்டியாட்டமி செய்திருந்தால் எதை எப்போது ஆரம்பிக்கலாம் என்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் செய்வதைவிட, பத்துப் பத்து நிமிடமாக நாளைக்கு நாலைந்து தடவை செய்வதுதான் மேல். மூட்டின் உறை புதுத் தோல்செருப்பு மாதிரி, தினமும் போட்டு நடந்தால்தான் இளகும். செய்து முடித்ததும் வரும் வலி ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடங்க வேண்டும். மறுநாள் காலை கை இன்னும் வீங்கி, சூடாக, நேற்றைவிடக் குறைவாக மடங்கினால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். காலையில் எல்லோருக்கும் கை இறுகித்தான் இருக்கும், வீக்கமோ சூடோ இல்லாத வெறும் இறுக்கத்தை வைத்து எதையும் முடிவுகட்ட வேண்டாம். எனக்குக் காலையில் வராத டிகிரி சாயங்காலம் தானாக வந்துவிடும்.

இன்னொன்று. தெருமுனை பிசியோ சென்டர்களில் மெஷின் வைப்பார்கள். ஷார்ட்வேவ் டயதர்மி என்று ஒன்று உண்டு, உள்ளே ஆழத்தில் சூடு கொடுப்பது. உலோகம் இருக்கிற இடத்தில் அதை வைக்கக்கூடாது, பிளேட் சூடாகிச் சுற்றியுள்ள சதையைச் சுட்டுவிடும். படுக்கும் முன்பே "உள்ளே பிளேட் இருக்கு" என்று சொல்லிவிடச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, காசு கிடையாது. கூட்டம் இருக்கும், ஆனால் முழங்கை கேஸ்களைத் தினம் பார்க்கிற கைகள்.

சரி, பழையபடி ஆகுமா என்ற கேள்வி. கடைசி இருபது முப்பது டிகிரி நீட்டம் பலருக்குத் திரும்பி வராது. மடக்குவது முதலில் வரும், நீட்டுவது இழுத்தடிக்கும். இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த மோரி என்பவரும் அவரோடு இருந்தவர்களும் 1981-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சாப்பிடுவது, தலை வாருவது, கதவைத் திறப்பது போன்ற அன்றாட வேலைகளுக்கு முழங்கை எவ்வளவு அசைய வேண்டும் என்று அளந்து பார்த்ததில், நேராக நீட்டிய கையை 0 என்று வைத்தால் 30 டிகிரியிலிருந்து 130 டிகிரிவரை இருந்தாலே பெரும்பாலான வேலைகள் ஓடிவிடும் என்று வந்தது. உள்ளங்கை திருப்புவதற்கு இந்தப் பக்கம் 50, அந்தப் பக்கம் 50. இன்றைக்கும் எலும்பு டாக்டர்கள் மனதில் வைத்திருக்கும் கணக்கு இதுதான். செல்போனைக் காதில் வைக்க மட்டும் இன்னும் கொஞ்சம் மடங்க வேண்டும் என்று 2011-இல் வேறோர் ஆய்வு சொன்னது. அதற்கென்ன, ஸ்பீக்கரில் போட்டுப் பேசலாம். எனக்கு இன்றைக்கு 20-லிருந்து 130 இருக்கிறது. இரண்டு கையையும் ஒன்றாக நீட்டினால்தான் வித்தியாசம் தெரியும்.

நம்முடைய வேலைகளுக்கு என் அனுபவக் கணக்கு வேறு. கையால் பிசைந்து சாப்பிடுவதற்கு மடக்கமும் வேண்டும், உள்ளங்கை முகத்தைப் பார்த்துத் திரும்பவும் வேண்டும். ஆரம்பத்தில் கை வாய்க்கு வராது, வாய்தான் கைக்குப் போகும். தட்டின்மேல் குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொள்ளும். நீளக் கைப்பிடி ஸ்பூனைக் கொடுங்கள், ஆனால் ஒரு வாயாவது கையால் முயன்றுவிட்டு ஸ்பூனுக்குப் போகட்டும், அதுவே ஒரு பயிற்சி. அடுத்து வருவது நெற்றிப் பொட்டு. பிறகு கம்மல் திருகாணி. பின்னல் போடுவதும், ஜாக்கெட்டுக்குப் பின்னால் கொக்கி மாட்டுவதும் எல்லாவற்றுக்கும் கடைசி, ஏனென்றால் அவற்றுக்குத் தோளும் வேண்டும். ஸ்லிங்கில் கையைத் தொங்கவிட்டே இருந்தால் தோள் தனியாகப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் இரண்டு மூட்டுக்கு வைத்தியம் பார்க்க வேண்டிவரும். விரலையும் தோளையும் முதல் நாளிலிருந்தே அசைக்கச் சொல்வது அதற்காகத்தான். முன்பக்கம் கொக்கி வைத்த, கை தளர்ந்த ஜாக்கெட் இரண்டு தைத்துக்கொடுத்துவிடுங்கள்.

சுண்டு விரலும் மோதிர விரலில் பாதியும் மரத்திருக்கிறதா என்று அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் எழுதவில்லை, ஆனால் பலருக்கு இருக்கும். முழங்கையை இடித்துக்கொண்டால் சுரீரென்று விரல்வரை ஓடுமே, அந்த அல்நார் நரம்பு பிளேட் வைக்கிற இடத்தை ஒட்டியே போகிறது. ஆபரேஷனில் அதை ஒதுக்கிப் பிடித்துத்தான் வேலை செய்வார்கள். லேசாக மரத்திருந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ தெளிந்துவிடும். நரம்பு இழைகளே அடிபட்டிருந்தால் திரும்ப வளர்வது நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான். முழங்கையிலிருந்து சுண்டு விரல் நுனிவரை எவ்வளவு தூரம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மரப்பு கூடிக்கொண்டே போனாலோ, விரல்கள் மடங்கிப் பறவையின் கால்நகம் மாதிரி வளைந்தாலோ தள்ளிப்போடாமல் காட்டுங்கள். மணிக்கட்டு தூக்க முடியாமல் தொங்கினால் அது வேறொரு நரம்பு, அதையும் உடனே காட்ட வேண்டும்.

எடை தூக்குவது பற்றி: எக்ஸ்-ரேயில் எலும்பு கூடியது தெரியும்வரை ஒரு காபி டம்ளர்தான் எல்லை. குடம், குக்கர், பேரப்பிள்ளை, பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்குவது, எல்லாம் அதற்குப் பிறகு. ஸ்கூட்டி ஓட்டுபவராக இருந்தால் இரண்டு கையாலும் பிரேக்கை அழுத்திப் பிடிக்க முடிகிறதா என்று பார்த்து, டாக்டர் சொன்ன பிறகு எடுக்கட்டும்.

சாப்பாட்டில் ஆட்டுக்கால் சூப், பிரண்டைத் துவையல் என்று ஆளாளுக்குக் கொண்டுவருவார்கள். பிடித்தால் சாப்பிடட்டும், எனக்குப் பிரண்டைத் துவையல் பிடிக்கும், சாப்பிட்டேன். அதை நம்பிச் சர்க்கரையைக் கவனிக்காமல் விடக்கூடாது. சர்க்கரை ஏறியிருந்தால் புண்ணும் ஆறாது, எலும்பும் மெதுவாகத்தான் கூடும். 58 வயதில் சும்மா வழுக்கி விழுந்ததற்கே எலும்பு இப்படி உடைந்திருப்பதால், எலும்பு அடர்த்தியும் விட்டமின் டி-யும் பார்த்துவிடுவது நல்லது.

பிளேட்டை எடுக்க வேண்டுமா என்று அடுத்து கேட்பீர்கள். தொல்லை கொடுக்காவிட்டால் எடுப்பதில்லை. நரம்பைத் தாண்டித்தான் மறுபடி உள்ளே போக வேண்டும் என்பதால் டாக்டர்களே தயங்குவார்கள். முழங்கை முனையில் போட்ட கம்பி மட்டும் மேஜையில் ஊன்றினால் தோலுக்கடியில் குத்தும். எலும்பு கூடியபிறகு அதை எடுத்துக்கொள்பவர்கள் உண்டு, நானும் எடுத்துக்கொண்டேன்.

காய்ச்சல், தையல் போட்ட இடத்தில் சிவந்து நீர் வடிவது, பயிற்சியின்போது 'டக்'கென்று ஒரு சத்தத்தோடு புது வலி, நன்றாக மடங்கி வந்த கை திடீரென்று பின்வாங்குவது, இதில் எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்க வேண்டாம்.

இல்லையென்றால் ஆறாவது வார எக்ஸ்-ரேக்குப் போகும்போது டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள்: இரண்டு தூணும் கூட ஆரம்பித்துவிட்டதா, சதையில் புதிதாக எலும்பு ஏதாவது தெரிகிறதா, இனி எவ்வளவு பலம் கொடுத்து நீட்டலாம், இரவில் கட்டிக்கொள்ள நீட்டிவைக்கும் ஸ்ப்ளிண்ட் தேவைப்படுமா. நாலைந்து மாதம் ஒழுங்காகச் செய்தும் கை வாய்க்கு எட்டவில்லை என்றால், இறுகிய உறையை விடுவிக்கிற ஆர்த்ரோலைசிஸ் ஆபரேஷன் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச இப்போது அவசரமில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா, ஆஸ்டியாட்டமி செய்தார்களா என்று பார்த்துக் கீழே எழுதுங்கள்.