நண்பர்கள் மாறி மாறிப் பொது அறிவுக் கேள்வி கேட்கும்போது சலிப்புத் தட்டாமல் இருக்க எத்தகைய கேள்விகளைக் கேட்க வேண்டும்?

விடை தெரியாதவருக்கும் யோசிப்பதற்கு ஏதாவது கிடைக்கும் கேள்வியையே கேட்க வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் குழுவில் நாடுகளின் தலைநகரங்களும் நாணயங்களும் தீர்ந்தவுடன் விளையாட்டும் படுத்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் காரணம் கேள்விகள் தீர்ந்துபோனதல்ல. அத்தகைய கேள்விக்கு விடை தெரிந்தால் ஒரு நொடியில் சொல்லிவிடலாம். தெரியாவிட்டால் எவ்வளவு நேரம் தலையைச் சொறிந்தாலும் பயனில்லை. இரண்டு வழியிலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது.

நாங்கள் கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வசிக்கும் சில நண்பர்கள். விடுமுறை நாள் மாலைகளில் காலிமுகத்திடலில் கூடி, இஸ்ஸோ வடையும் பிளேன்டீயுமாக இந்த விளையாட்டில் இறங்குவது வழக்கம். ஒருவர் வங்கியில் வேலை செய்கிறார், ஒருவர் ஆசிரியர், இன்னொருவர் அரசாங்கப் போட்டிப் பரீட்சைகளுக்குத் தயாராகி வருவதால் வழிகாட்டி நூல்களைக் கரைத்துக் குடித்தவர். மனப்பாடத்தில் அவரை வெல்ல எவராலும் முடியாது என்பதால்தான், மனப்பாடம் மட்டும் போதாத கேள்விகளை நாங்கள் தேடத் தொடங்கினோம்.

ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். உலகின் முதல் பெண் பிரதமர் யார் என்று இலங்கையில் ஒருவரிடம் கேட்பது வீண் வேலை. ஆண்டு 1960 என்பது வரை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் ஆசிரிய நண்பர் அதையே திருப்பிப் போட்டு, ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அந்த ஆண்டு ஜூலையில் பிரதமராகப் பதவியேற்றபோது எந்தத் தொகுதியின் உறுப்பினராக இருந்தார் என்று கேட்டார். "அத்தனகல்லதானே மச்சான், இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்று போட்டிப் பரீட்சைக்காரர் பாய்ந்தார். ஸ்ரீமாவோவின் கணவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் தொகுதியும் அதுவே, 1965 முதல் அவர் பிரதிநிதித்துவப்படுத்திய தொகுதியும் அதுவே என்பதால் அந்த ஊகத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 1960 தேர்தலில் அவர் எந்தத் தொகுதியிலும் போட்டியிடவில்லை. பாராளுமன்றத்தின் மேலவையான செனற் சபைக்கு நியமிக்கப்பட்டு, அதன் உறுப்பினராக இருந்தே ஆட்சியை நடத்தினார். அப்படியொரு சபை நம் நாட்டில் 1971 வரை இருந்தது என்பதையே எங்களில் சிலர் அன்றுதான் அறிந்தோம். பிறகு அந்தச் சபை ஏன் ஒழிக்கப்பட்டது, இரண்டு சபைகள் இருப்பது நல்லதா என்று வாதம் நீண்டு, அடுத்தவர் தமது முறைக்காக வெகுநேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு கேள்வி நல்ல கேள்வி என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

வங்கி நண்பரும் அதே வகையில் ஒன்று கேட்டார்: இலங்கை மத்திய வங்கியின் முதல் ஆளுநர் எந்த நாட்டவர்? வங்கி 1950 இல் தொடங்கப்பட்டது, சுதந்திரம் கிடைத்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன என்ற குறிப்பைக் கேட்டவுடன் பெரும்பாலானோர் இங்கிலாந்து என்பார்கள். அவரோ ஜோன் எக்ஸ்டர் என்ற அமெரிக்கர். தவறாகச் சொன்னவரும் காரணத்தோடு தவறுவதால் அவருக்கு வெட்கமில்லை, விடையும் எளிதில் மறப்பதில்லை. தம் துறையிலிருந்து கேட்பவர்கள் இப்படி மற்றவர்களும் எட்டிப் பிடிக்கக்கூடிய கேள்வியாகப் பார்த்துக் கேட்க வேண்டும். வட்டி வீதத்தைக் கணிக்கும் சூத்திரத்தைக் கேட்பது விளையாட்டாகாது.

"எது" என்பதை "ஏன்" என்று மாற்றினால் பழைய கேள்விக்கும் உயிர் வந்துவிடும். இலங்கையின் மிக உயர்ந்த மலை 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகல என்பது எல்லோரும் அறிந்தது. சிவனொளிபாதமலை 2,243 மீற்றர்தான். அப்படியிருந்தும் பழைய காலத்து மாலுமிகள் அதையே தீவின் மிக உயர்ந்த சிகரமாக எண்ணியது ஏன் என்று கேட்டுப் பாருங்கள். மத்திய மலைநாட்டின் தென்மேற்கு விளிம்பில், தாழ்ந்த சமவெளிக்கு அருகில் கூம்பாகத் தனித்து எழுவதால் அது கடலிலிருந்தே கண்ணில் படும். பிதுருதலாகலவின் அடிவாரத்தில் உள்ள நுவரெலியாவோ ஏற்கெனவே ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்ப்பவருக்கு அந்த மலை அவ்வளவு பெரிதாகத் தோன்றாது. (வானம் தெளிந்த காலைகளில் கொழும்பின் உயர்மாடிகளிலிருந்தும் சிவனொளிபாதமலை தெரியும். பார்க்காதவர்கள் பார்க்க வேண்டும்.)

கொக்கி போடும் கேள்விகளைப் பற்றி எனக்கு அவ்வளவு உயர்ந்த அபிப்பிராயம் இல்லை, எனினும் ஒரு மாலைக்கு ஒன்று இருக்கலாம். முத்தையா முரளிதரன் இலங்கைக்காக எடுத்த டெஸ்ட் விக்கெட்டுகள் எத்தனை என்று கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் 800 என்பார்கள். சரியான விடை 795. மீதி ஐந்தும் 2005 இல் சிட்னியில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக உலக பதினொருவர் அணிக்காக அவர் எடுத்தவை. இப்படி அடுத்தடுத்து இரண்டு கேட்டால், பிறகு எளிய கேள்விக்கும் எவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

காலத்தோடு விடை மாறும் கேள்விகளில் எந்த ஆண்டு நிலவரம் என்பதையும் சேர்த்தே கேளுங்கள். கசகஸ்தானின் தலைநகரான அஸ்தானா 2019 இல் நூர் சுல்தான் என்று மாற்றப்பட்டு, 2022 இல் மீண்டும் அஸ்தானா ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்து வழிகாட்டி நூலை நம்பியிருப்பவர் சண்டைக்கு வருவார். எவரெஸ்ட் 8,848 மீற்றர் என்று நாம் படித்ததும் 2020 இல் 8,848.86 என அறிவிக்கப்பட்டது. தசமத்துக்காக நட்பை முறிக்க வேண்டியதில்லை, முழு எண்ணைச் சொன்னாலே போதும் என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளலாம்.

விதிமுறைகளைப் பொறுத்தவரை எங்களிடம் அதிகமில்லை. சரியான விடை சொன்னவருக்கே அடுத்த கேள்வியைக் கேட்கும் உரிமை என்று வைக்காதீர்கள். அப்படி வைத்தால் அதிகம் தெரிந்தவரே கடைசி வரை கேட்டுக்கொண்டிருப்பார். முறை வலப்பக்கமாகச் சுற்றி வரட்டும். எல்லோரும் தங்கள் ஊகத்தைச் சொல்லி முடிக்கும்வரை தொலைபேசிகள் சட்டைப்பைக்குள் இருக்கட்டும். புள்ளிகளை எழுதி வைப்பது எனக்குப் பிடிக்காது, ஆனால் வங்கி நண்பர் விடமாட்டார், ஆகவே அவர் மட்டும் எழுதிக்கொள்கிறார்.

கேட்டவருக்கே விடை உறுதியாகத் தெரியாத கேள்வி வந்தால், அதை அந்த இடத்திலேயே இணையத்தில் தேடித் தீர்க்காமல், சரிபார்த்து வரும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்து, அடுத்த சந்திப்பில் முதல் முறையையும் அவருக்கே கொடுத்துவிடுங்கள்.