லடாக் போக எஸ்.யூ.வி. வாங்கித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: ஏற்காட்டில் ஐந்து ஏக்கர் காபித் தோட்டம், ஊடுபயிராக மிளகு. வயது 54. மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை, மாதச் சம்பளம் ₹62,000. ஒரே மகள் சேலத்தில் கல்லூரி இறுதியாண்டுக்கு முந்தைய ஆண்டு படிக்கிறாள். வங்கியில் வைப்பு நிதி ₹8 லட்சம். அதில் ₹5 லட்சம் அவளுடைய மேற்படிப்புக்கு. சேமிப்புக் கணக்கில் ₹1.5 லட்சம். கிசான் கார்டில் (விவசாயக் கடன் அட்டை) ₹4 லட்சம் வரம்பு, ₹2.4 லட்சம் நிலுவை. வரும் ஜூனில் மைத்துனருடன் காரிலேயே லடாக் போய்வர வேண்டும் என்பது நீண்ட நாள் ஆசை. செலவு ₹1.8 லட்சம் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். எங்களிடம் இருப்பது 2018-ஆம் ஆண்டு சிறிய பெட்ரோல் கார். ₹15 லட்சத்தில் எஸ்.யூ.வி. வாங்கிக்கொண்டு போகலாமா? ₹10 லட்சம் கடன் தருகிறார்கள். அல்லது டெல்லி வரை ரயிலில் போய், அங்கே வாடகைக் கார் எடுக்கலாமா? பயணச் செலவுக்குக் கிசான் கார்டில் எடுத்தால் வட்டி குறைவுதானே? ஏற்காட்டிலேயே பிறந்து வளர்ந்ததால் மலையும் வளைவும் எனக்குப் பழக்கம். மனைவிக்கும் வர ஆசைதான், ஆனால் ஜூனில் பள்ளி திறந்துவிடும்.

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு செலவுகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று பயணம், மற்றொன்று கார். பயணத்துக்கு உங்கள் வருமானம் தாங்கும். காரை அதன் மீது ஏற்றினால் தாங்காது.

₹10 லட்சம் கடனை 9% வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய ₹20,760. வட்டி மட்டும் ₹2.45 லட்சம். மீதி ₹5 லட்சத்தை எங்கிருந்து எடுப்பீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மகளின் படிப்புக்கு வைத்திருக்கும் தொகையும் அதே ₹5 லட்சம் என்பதைக் கவனித்தேன். லடாக்கில் நீங்கள் இருக்கப்போவது எட்டு நாள். தவணை அறுபது மாதம் ஓடும். தோட்டத்துக்கே ஒரு வலுவான வண்டி தேவை என்றால் அதைத் தனியாகப் பேசலாம், அதற்கு வேறு கணக்கு. லடாக்கைக் காரணம் காட்டி வாங்க வேண்டாம்.

உங்கள் பழைய கார் போதுமா? ஸ்ரீநகர் வழியாகப் போனால் போதும். சேலத்தைக் கடந்து போகும் தேசிய நெடுஞ்சாலை 44-தான் ஸ்ரீநகர் வரை போகிறது. பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி, ஜம்மு என்று ஏறத்தாழ 3,150 கிலோமீட்டர். அங்கிருந்து லே நகருக்குக் கார்கில் வழியாக இன்னும் 420. இந்தப் பாதையில் சோஜி கணவாயின் சில கிலோமீட்டர்தான் கரடுமுரடு. மற்ற இடங்களில் சாலை நன்றாகவே இருக்கிறது. இரண்டு பேரும் அளவான சுமையும் என்றால் சிறிய கார் ஏறிவிடும். மணாலி வழி அப்படியல்ல. பிற்பகலில் பனி உருகி ஓடைகள் சாலைக்கு மேலேயே பாயும். தாண்டி என்ற ஊரை விட்டால் லே வரை 365 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் பங்க் கிடையாது என்று அங்கே பலகையே வைத்திருக்கிறார்கள். அந்த வழியிலுள்ள காட்டா என்ற கொண்டை ஊசி வளைவுகள் இருபத்தொன்று, நம் ஏற்காட்டுச் சாலையை விட ஒன்று கூடுதல். ஆசை புரிகிறது. ஆனால் இந்தக் காரில் போவதும் திரும்புவதும் ஸ்ரீநகர் வழியாகவே இருக்கட்டும்.

வாடகைக் கார் யோசனையை விட்டுவிடுங்கள். வெளியூரில் ஓட்டுநர் இல்லாமல் வாடகைக்கு எடுத்த காரில் லடாக்கைச் சுற்றிப் பார்க்க அனுமதியில்லை. உள்ளூர் டாக்சிக்காரர்கள் இதில் மிகக் கறாராக இருப்பார்கள். நண்பரின் காரை இரவல் வாங்கிப் போனாலும் வழியில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். பதிவுச் சான்று உங்கள் பெயரிலோ மனைவி பெயரிலோ இருக்கும் கார்தான் சிக்கலில்லாதது.

இனி ஜூன் மாதத்துக்கு வருவோம். உங்கள் ₹1.8 லட்சம் கணக்கில் பெட்ரோல், அறை, சாப்பாடு எல்லாம் இருந்திருக்கும். தோட்டம் இருக்காது. ஜூன் என்பது போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைத் தெளித்து, நிழல் மரம் கழித்து, மழைக்குத் தோட்டத்தைத் தயார் செய்யும் காலம். அந்த 25 நாள் நீங்கள் இல்லாமல், தெளிப்பு பத்து நாள் தள்ளிப்போய், இலைத்துரு நோய் பிடித்தால் அந்த நட்டம் எந்த ஓட்டல் பில்லையும் விடப் பெரியது. சம்பளக்காரர் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். சொந்தத் தொழில் செய்பவருக்குத் தான் இல்லாத நாள்களும் பயணச் செலவுதான்.

செப்டம்பர் மூன்றாம் வாரம் கிளம்பி அக்டோபர் இரண்டாம் வாரம் திரும்புங்கள். மழைக்குப் பிந்தைய தெளிப்பை முதல் வாரத்திலேயே முடித்துவிடலாம். பழம் பறிப்பு நவம்பரில்தான். புரட்டாசி என்பதால் சொந்தத்தில் கல்யாண அழைப்புகளும் அநேகமாக இருக்காது. லடாக்கில் அப்போது வானம் தெளிந்திருக்கும், கூட்டம் குறைந்து அறை வாடகையில் பேரம் பேச முடியும். பாங்காங் ஏரிக்கரையில் இரவுக் குளிர் மட்டும் உறைநிலைக்குக் கீழே போகும். இன்னொரு வசதி, காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியில் வருகிறது. நீங்களும் மைத்துனரும் காரில் லே போய்ச் சேரும் நாளில் உங்கள் மனைவி விமானத்தில் வந்து சேரலாம், விடுமுறை முடிவதற்குள் விமானத்திலேயே திரும்பலாம். எட்டு நாள் நெடுஞ்சாலைப் புழுதி அவருக்கு மிச்சம்.

இதற்கும் ஒரு விலை உண்டு. செப்டம்பர், அக்டோபரில் காஷ்மீர் ஆப்பிள் லாரிகள் முழுவதும் ஜம்மு சாலையில்தான் இறங்கும். மழை பெய்தால் ராம்பன், உதம்பூர்ப் பகுதிகளில் மண் சரியும். 2025 ஆகஸ்ட் கடைசியில் அந்தச் சாலை அடித்துச் செல்லப்பட்டு, ஆப்பிள் லாரிகள் பல நாள் முடங்கிக் கிடந்தன. ஆகவே திரும்பும் தேதியில் மூன்று நாளாவது தளர்வு வையுங்கள். அந்த மூன்று நாளின் அறையும் சாப்பாடும் கீழே வரும் அவசரத் தொகைக்குள் அடங்கும்.

என் கணக்கு இது. உள்ளூர்ச் சுற்றையும் சேர்த்து 8,500 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 என்றால் பெட்ரோல் ₹60,000. சுங்கத்துக்கு ₹5,000 போதும். 2025 ஆகஸ்ட் 15-இல் வந்த ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் இதற்கென்றே செய்ததுபோல இருக்கிறது. தொடங்கியபோது ₹3,000, சொந்தக் கார்களுக்கு ஓராண்டு அல்லது 200 சுங்கச்சாவடிக் கடப்புகள். நீங்கள் போய்வருவது அதற்குள் அடங்கிவிடும். ஆனால் தேசிய நெடுஞ்சாலைகளில் மட்டும்தான் அது செல்லும். ஹைதராபாத் வெளிவட்டச் சாலை, யமுனா விரைவுச் சாலை போன்றவற்றில் வழக்கமான கட்டணம் பிடிப்பார்கள். ஃபாஸ்டேக்கில் அதற்குத் தனியாகப் பணம் இருக்க வேண்டும். அறைக்கு 25 இரவு, சராசரி ₹2,500 வீதம் ₹62,500. சாப்பாடு ₹39,000. மனைவியின் விமானத்துக்கு ₹30,000 ஒதுக்குங்கள். முன்கூட்டியே எடுத்தால் மிஞ்சலாம். அனுமதி, சில்லறைச் செலவு ₹5,000. நீங்கள் இல்லாத நாள்களுக்கு மேஸ்திரிக்குக் கூடுதலாக ₹15,000 கொடுங்கள், இதில் சிக்கனம் வேண்டாம். காருக்கு ₹35,000: நான்கு டயர், பேட்டரி, பிரேக், கூலன்ட், தேய்ந்திருந்தால் கிளட்ச். கூட்டினால் ₹2,51,500. இதன் மேல் தொடக்கூடாத அவசரத் தொகை ₹70,000. ஆக ₹3.2 லட்சம். மைத்துனரின் பங்கை நான் வரவில் எழுதவில்லை. கொடுத்தால் அவசரத் தொகையோடு சேரட்டும். அவர் பெட்ரோலைப் பகிர்வது வேறு, காருக்கு நாள் வாடகை என்று வாங்குவது வேறு. தனியார் கார் பாலிசி வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது.

இந்த ₹3.2 லட்சம் எங்கிருந்து வரும்? எஸ்.யூ.வி.க்கு மாதம் ₹20,760 தவணை கட்டத் தயாராக இருந்தீர்கள் அல்லவா? அதில் ₹20,000-ஐ மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் ஆர்.டி.யில் போடுங்கள். ₹1.2 லட்சம் ஆகிவிடும். மார்ச்சில் காபியும் மிளகும் விற்ற பணம் கைக்கு வந்ததும் ₹2 லட்சத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். அறுபது மாதம் கட்ட இருந்ததை ஆறு மாதம் கட்டினால் பயணம் கடனில்லாமல் முடிகிறது. விளைச்சல் மோசமாகி ₹2 லட்சம் ஒதுக்க முடியாமல் போனால், பயணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள். வைப்பு நிதியை உடைக்க வேண்டாம்.

கிசான் கார்டு பற்றி நீங்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. குறுகிய காலப் பயிர்க் கடனுக்கு ₹3 லட்சம் வரை 7% வட்டி, கெடுவுக்குள் கட்டினால் 4%. தனிநபர் கடன் எதுவும் இதன் அருகில்கூட வராது. வரம்பில் 10% வரை குடும்பச் செலவுக்கு எடுக்க விதியிலேயே இடமுண்டு. நான் வேண்டாம் என்பது வட்டிக்காக அல்ல. உங்களிடம் மிச்சமிருக்கும் வரம்பு ₹1.6 லட்சம். அதை செப்டம்பரில் எடுத்துச் செலவழித்துவிட்டால், நவம்பரில் பறிப்புக்கு வாரக்கூலி கொடுக்கக் கையில் காசு இருக்காது. அப்போது பழம் செடியில் இருக்கும்போதே வியாபாரியிடம் விலை பேசி முன்பணம் வாங்குவீர்கள். சேர்வராயன் மலையில் இது எப்படி முடியும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிலோவுக்குச் சில ரூபாய் குறைந்தாலும், 4% கடன் 20% கடனாகிவிடும்.

உயரம் பழக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். லே 3,500. கர்துங் கணவாய் 5,300 மீட்டரைத் தாண்டும். வளைவில் ஓட்டும் பழக்கம் உதவும், மூச்சுக்கு உதவாது. கார்கிலில் ஓர் இரவு, லே சேர்ந்ததும் இரண்டு நாள் ஓய்வு. விமானத்தில் நேராக வந்து இறங்கும் உங்கள் மனைவிக்கு இந்த ஓய்வு இன்னும் அவசியம். இதற்கான அறை வாடகை மேலே இருக்கிறது. மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். கிளம்பும் முன் மூவரும் மருத்துவரைப் பார்த்து, உயரத்தைத் தாங்க மாத்திரை தேவையா என்று அவரிடமே கேளுங்கள்.

பணம் சம்பந்தமான ஒரு சின்ன விஷயத்தைப் பலர் அங்கே போன பிறகுதான் அறிகிறார்கள். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது. சிம் வேலை செய்யாவிட்டால், வைஃபை இல்லாத இடத்தில் யு.பி.ஐ.யும் இல்லை. ஒருவராவது போஸ்ட்பெய்டுக்கு மாறுங்கள். இருந்தாலும் லே நகரை விட்டுக் கிளம்பும்போது ₹20,000 ரொக்கம் கையில் இருக்கட்டும், இருவரிடம் பிரித்து.

கடைசியாகக் காப்பீடு. உங்கள் கார் பாலிசி எந்த மாதம் புதுப்பிக்கப்படுகிறது என்று பாருங்கள். தண்ணீர் புகுந்து இன்ஜின் கெட்டால் சாதாரண பாலிசி தராது. அதற்கான கூடுதல் காப்பைப் பொதுவாகப் புதுப்பிக்கும்போதுதான் சேர்க்க முடியும், பழைய கார் என்பதால் மறுக்கவும் கூடும். மறுத்தால் ஓடையில் காரை இறக்குவதில்லை என்று முடிவெடுத்துக்கொள்ளுங்கள். வழியுதவிச் சேவையில் இழுவைத் தூரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் வரம்பு என்று படியுங்கள். சோஜி கணவாயில் நின்றுபோன காரை ஸ்ரீநகருக்கு இறக்கும் செலவு பெரும்பாலும் உங்கள் கையிலிருந்துதான் போகும். ₹70,000 வைக்கச் சொன்னது முதலில் இதற்குத்தான். உங்களுக்கும் மனைவிக்கும் தனிநபர் விபத்துப் பாலிசி எடுத்து, நியமனதாரராக மகளின் பெயரைப் போடுங்கள். ஆகஸ்டுக்குள் இதை முடித்துவிடுங்கள்.