ஒன்பதாம் எண் சட்டை: கேள்வி பதில்

சென்னை சீனியர் டிவிஷன் கால்பந்து லீக்கில் பதினோரு பருவங்கள் ஸ்ட்ரைக்கராக, அதாவது கோல் அடிப்பதையே முதல் வேலையாகக் கொண்ட முன்கள வீரனாக, ஆடியவன் நான். முழங்கால் ஒத்துழைக்க மறுத்த பிறகு, வடசென்னையில் சிறுவர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். ஸ்ட்ரைக்கராக ஆடிப் பிழைக்க முடியுமா, அதற்கு என்ன வேண்டும் என்று நண்பர்களும் பெற்றோரும் அனுப்பியிருந்த கேள்விகளில், ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீண்டுவிட்டன, பொறுத்தருள வேண்டும்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு தந்தை: என் மகனுக்கு 11 வயது. பள்ளி அணிக்காக ஆட்டத்துக்கு மூன்று, நான்கு கோல் அடிக்கிறான். இப்போதிருந்தே அவனை ஸ்ட்ரைக்கராக வளர்க்கலாமா ஐயா?

எத்தனை கோல் அடிக்கிறான் என்பதைவிட எப்படி அடிக்கிறான் என்பதைப் பாருங்கள். பந்தை முன்னால் தட்டிவிட்டு, மற்றவர்களைவிட வேகமாக ஓடிப்போய் அடிக்கிறான் என்றால், அந்தக் கோல்களில் பாதி அவனுடைய உயரத்துக்கும் எடைக்கும் சேர வேண்டியவை. மற்ற பையன்கள் 14, 15 வயதில் அவனை எட்டிப் பிடிக்கும்போது அந்த வழி அடைபட்டுவிடும். முதுகில் ஒருவன் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது பந்தை வாங்கித் திரும்புகிறான், சிறு இடத்தில் இரண்டே தொடுதலில் அடிக்கிறான் என்றால், அது வளர்ந்த பிறகும் கூடவே வரும். உங்கள் பகுதியின் குறுகலான சந்துகளும் கரடுமுரடான தரையும் அந்தத் திறமையை இலவசமாகக் கற்றுக்கொடுக்கின்றன. தனபால் கணேஷ், நந்தகுமார் சேகர் போன்றவர்கள் வடசென்னையிலிருந்து ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) வரை போனதில் அந்தச் சந்துகளுக்கும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். இத்தனைக்கும் அவர்களில் முன்னவர் நடுக்கள வீரர், பின்னவர் பக்கவாட்டில் ஓடி ஆடும் விங்கர்.

ஆகவே 14 வயது வரை அவனை எல்லா இடத்திலும் ஆட விடுங்கள். பிரான்ஸின் தியரி ஆன்ரி இத்தாலியின் யுவெண்டஸ் கிளப்பில் விங்கராக ஆடித் தடுமாறியவர்; 1999இல் இங்கிலாந்தின் ஆர்சனலுக்கு வந்த பிறகு பயிற்சியாளர் ஆர்சன் வெங்கர் அவரை ஸ்ட்ரைக்கராக நிறுத்தினார். அந்த கிளப்புக்காக அவர் அடித்த 228 கோல்கள் இன்றும் அங்கே முறியடிக்கப்படாத சாதனை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: வயதுச் சான்றிதழில் ஓரிரு ஆண்டு குறைத்துக் காட்டலாம் என்று யாரேனும் யோசனை சொன்னால், அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். எலும்பு வளர்ச்சிப் பரிசோதனையில் பிடிபட்டு, நல்ல ஆட்டக்காரன் ஒருவன் தடை வாங்கியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கொளத்தூரிலிருந்து ஒரு ரசிகர்: தொலைக்காட்சியில் பார்க்கும்போது ஸ்ட்ரைக்கர் பெரும்பாலான நேரம் சும்மா நிற்பதாகவே தோன்றுகிறது. 90 நிமிடமும் அவர் என்னதான் செய்கிறார்?

கேமரா பந்தின் பின்னாலேயே போவதால் வரும் தோற்றம் அது. ஒருமுறை மைதானத்துக்கு வந்து, பந்தைப் பார்க்காமல், ஸ்ட்ரைக்கர் வழக்கமாக அணியும் ஒன்பதாம் எண்ணை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள்.

சமீபத்தில் ஒரு மாலைப் பயிற்சியில் நடந்ததைச் சொல்கிறேன். 15 வயதுப் பையன் ஒருவனை, கோலிலிருந்து 11 மீட்டரில் இருக்கும் பெனால்டி புள்ளியருகே நிறுத்தினேன். வலப்பக்கமாக ஒருவன் பந்தை உருட்டிக்கொண்டு வருகிறான். புள்ளியருகே நிற்கும் இவனோடு ஒரு டிஃபெண்டர் (தடுப்பு வீரன்) ஒட்டி நிற்கிறான். டிஃபெண்டருக்கு உள்ள சிக்கல், பந்தையும் ஆளையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது என்பதுதான். அவன் கண் பந்தின் பக்கம் போகும் நொடியில் இவன் இரண்டடி பின்வாங்கி, அவன் தோளுக்குப் பின்னால் பார்வைக்கு மறைந்துகொள்ள வேண்டும். பந்து காலை விட்டுக் கிளம்பும் நேரத்தில் அவனுக்கு முன்னால் வெட்டி, அருகிலுள்ள கம்பத்தை நோக்கிப் பாய வேண்டும். முதல் தடவை அவசரப்பட்டு, பந்து கிளம்பும் முன்பே டிஃபெண்டரைத் தாண்டி ஆஃப்சைடு ஆனான். இரண்டாவது தடவை தாமதித்தான். மூன்றாவதில் இருவரும் மோதிக்கொண்டு விழுந்து சிரித்தார்கள். நான்காவது தடவை, டிஃபெண்டர் "எங்கேடா போனான்?" என்று பின்னால் திரும்பித் தேடும்போது, இவன் முன்னால் போய்ப் பந்தைத் தொட்டுவிட்டிருந்தான். கோலின் அகலம் 7.32 மீட்டர், அவ்வளவு அருகில் ஓங்கி உதைக்க வேண்டியதில்லை, திசை திருப்பிவிட்டால் போதும். இப்படி இருபது முறை ஓடினால் இரண்டு முறை பந்து வரும். வராத பதினெட்டு ஓட்டங்களைத்தான் நீங்கள் "சும்மா நிற்பது" என்கிறீர்கள்.

ஆவடி, கல்லூரி மாணவர்: எனக்கு 22 வயது. இன்னும் மாவட்ட லீக்கில்தான் ஆடுகிறேன். காலம் கடந்துவிட்டதா அண்ணா?

ஜேமி வார்டி தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே இங்கிலாந்தின் கீழ்மட்ட லீகுகளில் ஆடியவர். லெஸ்டர் சிட்டி அவரை வாங்கிய 2012இல் அவருக்கு 25 வயது. 2015–16 பருவத்தில் தொடர்ந்து 11 பிரிமியர் லீக் ஆட்டங்களில் கோல் அடித்து, அணியோடு பட்டத்தையும் வென்றார். 33 வயதில், 2019–20இல், 23 கோல்களுடன் அந்த லீக்கிலேயே அதிக கோல் அடித்தவரானார். இதைச் சொல்லி உங்களை ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை. இங்கிலாந்தில் கீழே பல அடுக்குகள் உண்டு; ஒவ்வொன்றிலும் பருவம் முழுக்க ஆட்டங்கள் உண்டு; அதனால் தாமதமாக மலர்பவன் யார் கண்ணிலாவது பட வழி இருக்கிறது. நம் ஊரில் ஒரு மாவட்ட லீக் வீரருக்கு ஆண்டில் கிடைக்கும் ஆட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எனவே இந்த ஆண்டு பெரிய பெயர் கொண்ட அணியின் பெஞ்சில் உட்காருவதைவிட, எல்லா ஆட்டத்திலும் உங்களை இறக்கும் சிறிய அணியைத் தேர்ந்தெடுங்கள். படிப்பையும் முடித்துவிடுங்கள்.

அயனாவரத்திலிருந்து ஒருவர்: ஐஎஸ்எல் அணிகள் கோல் அடிக்க வெளிநாட்டவரையே நம்புவது ஏன்? இந்திய ஸ்ட்ரைக்கர்கள் ஏன் உருவாகவில்லை?

ஒரு கிளப் உரிமையாளரின் இடத்திலிருந்து பார்த்தால் இதில் வியப்பு இல்லை. 2021–22 முதல் களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவரை இறக்கலாம் என்ற வரம்பு வந்தது; அந்த நான்கு இடங்களில் ஒன்றையாவது கோல் அடிப்பவருக்குத்தான் ஒதுக்குவார்கள். நம் ஊர் ஐஎஸ்எல் அணியான சென்னையின் எஃப்சியையே பாருங்கள்: 2015இல் பட்டம் வென்றபோது 13 கோல் அடித்து முன்னின்றவர் கொலம்பியாவின் ஸ்டிவன் மெண்டோசா, 2019–20இல் இறுதியாட்டம் வரை அழைத்துச் சென்றவர் 15 கோல் அடித்த லிதுவேனியாவின் நெரியுஸ் வால்ஸ்கிஸ். இதனால் 20 வயது இந்திய ஸ்ட்ரைக்கர் ஒன்று பெஞ்சில் உட்காருகிறான், அல்லது விங்கராக மாற்றப்படுகிறான். இரண்டு ஆண்டு விங்கில் ஓடிய பிறகு, கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பகுதியான பாக்ஸுக்குள் நிற்கும் பழக்கமே அவனை விட்டுப் போய்விடுகிறது.

இந்திய அணியின் ஸ்ட்ரைக்கர் சுனில் சேத்ரியின் வாழ்க்கையை இந்தக் கோணத்தில் படிக்க வேண்டும். 2002இல் மோகன் பகானில் தொடங்கி, 2005 ஜூன் மாதம் குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிரான முதல் சர்வதேச ஆட்டத்திலேயே கோல் அடித்தார். 2010இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டிக்குப் போனார். லீக் ஆட்டம் எதிலும் களமிறங்கவில்லை. 2012இல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்பின் இரண்டாம் அணியில் சேர்ந்தார்; அங்கும் சில ஆட்டங்கள்தான். திரும்பி வந்து, 2013இல் பெங்களூரு எஃப்சியில் வாராவாரம் ஆடக் கிடைத்த பிறகுதான் அவருடைய மிகச் சிறந்த ஆண்டுகள் அமைந்தன. 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிராக ஆடி, சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபோது இந்தியாவுக்காக 151 ஆட்டங்களில் 94 கோல்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் அவரை மீண்டும் அழைத்தார்கள், மாலத்தீவுக்கு எதிராக 95ஆவது கோலையும் அடித்தார். நாற்பது வயதுக்காரரைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்ததே, அதுதான் உங்கள் கேள்விக்கு நேரடியான பதில்.

அம்பத்தூர்: உயரம் குறைவாக இருந்தால் ஸ்ட்ரைக்கராக முடியாதா?

சேத்ரியின் உயரம் சுமார் 170 செ.மீ. தலையாலும் நிறைய கோல் அடித்திருக்கிறார். எப்போது எம்ப வேண்டும் என்று தெரிந்தவருக்கு இரண்டு அங்குலம் தானாகக் கிடைக்கும்.

திருவொற்றியூரிலிருந்து ஒரு வீரர்: ஏழு ஆட்டங்களாகக் கோல் இல்லை. பயிற்சியாளர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என்ன செய்வது?

அந்த ஏழு ஆட்டங்களில் கோலை நோக்கி எத்தனை முறை அடித்தீர்கள், எங்கிருந்து அடித்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பெனால்டி கூட நூற்றுக்கு எழுபத்தைந்து, எண்பதுதான் கோலாகும். சாதாரண ஆட்ட ஓட்டத்தில் அடிக்கப்படும் உதைகளில் சராசரியாகப் பத்தில் ஒன்றுதான் உள்ளே போகும். எனவே பாக்ஸுக்குள்ளிருந்து இருபது முறை அடித்தும் ஒன்றுகூடப் போகவில்லை என்றால், பெரும்பாலும் அது கெட்ட நேரம், எதையும் மாற்றாதீர்கள். மொத்தமே நான்கு முறைதான் அடித்தீர்கள் என்றால், கோளாறு காலில் இல்லை, நீங்கள் போய் நிற்கும் இடத்தில் இருக்கிறது. வறட்சிக் காலத்தில் ஸ்ட்ரைக்கர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, பந்தைத் தேடி நடுக்களத்துக்கு இறங்கி வருவது. நானும் செய்திருக்கிறேன். நிறையத் தொடுவோம், மனத்துக்கு ஆறுதலாக இருக்கும், கோலிலிருந்து நாற்பது மீட்டர் தள்ளி நிற்போம்.

புளியந்தோப்பிலிருந்து ஒரு தாய்: மகனை வெளிநாட்டு கிளப்பில் சேர்த்துவிடுவதாகச் சொல்லி ஒருவர் முன்பணம் கேட்கிறார். அவனுக்கு 16 வயது. நம்பலாமா?

நம்ப வேண்டாம் அம்மா. 18 வயதுக்குக் குறைந்த வீரரை நாடு விட்டு நாடு பதிவு செய்வதை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி பொதுவாகத் தடுக்கிறது. விதிவிலக்குகள் சிலவே, அவை உங்கள் மகனுக்குப் பொருந்த வாய்ப்பில்லை. உண்மையாகவே ஒரு கிளப்புக்கு வீரர் வேண்டுமென்றால் பணம் அவர்களிடமிருந்து உங்களை நோக்கி வரும். என் 19ஆவது வயதில் இதேபோல் ஒருவரை நம்பி, என் அக்காவின் வளையலை அடகு வைத்து வெளி மாநிலத்துக்கு ரயிலேறினேன். அங்கே எனக்குக் கிடைத்தது ஒரு ஹாஸ்டல் கட்டிலும், யார் கையெழுத்தும் இல்லாத ஒப்பந்தமும்தான். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தேன்.

பின்னாளில் முறையான ஒப்பந்தம் வரும்போது மூன்றை மட்டும் கவனியுங்கள்: சம்பளம் எந்தத் தேதிக்கு வரும், காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, எத்தனை பருவங்கள். கோல் ஊக்கத்தொகை என்று பெரிய எண்ணைக் காட்டி அடிப்படைச் சம்பளத்தைக் குறைப்பார்கள். ஆட இறக்கினால்தானே கோல் அடிக்க முடியும்? இரண்டு மாதச் சம்பளம் நிலுவையாகிவிட்டால், எழுத்து மூலம் 15 நாள் அவகாசம் கொடுத்து, அதற்கும் பதில் இல்லையேல் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஃபிஃபா விதிகள் வீரருக்கு இடமளிக்கின்றன. ஆகையால் எதையும் வாய்வார்த்தையாக விடாதீர்கள்.

மாதவரத்திலிருந்து ஒருவர்: முழங்காலில் ஏசிஎல் தசைநார் அறுந்துவிட்டது. பழைய வேகம் திரும்புமா?

திரும்பலாம், அவசரப்பட்டால் திரும்பாது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு குறைந்தது ஒன்பது மாதமாவது பொறுக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் இன்று பரவலாகச் சொல்வது. நான் ஐந்தாம் மாதமே லீக் ஆட்டத்துக்குப் போனேன். வலி இல்லாததால் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இருபதாவது நிமிடம், யாரும் தொடாமலேயே, திரும்பும்போது அதே கால் மடங்கியது. ஈரத்துணியைக் கிழிப்பதுபோல் ஒரு சத்தம். பக்கத்தில் நின்ற டிஃபெண்டருக்கும் கேட்டது.

பிரேசிலின் ரொனால்டோ 2000 ஏப்ரலில் இத்தாலியின் லாட்சியோ அணிக்கு எதிராகக் காயத்திலிருந்து திரும்பி வந்து சில நிமிடங்களிலேயே அதே முழங்காலை இன்னும் மோசமாக முறித்துக்கொண்டார். அடுத்த முறை ஓராண்டுக்கும் மேல் பொறுத்தார். 2002 உலகக் கோப்பையில் எட்டு கோல், அவற்றில் இரண்டு இறுதியாட்டத்தில். பழையபடி அரைக்களத்திலிருந்து நான்கு பேரைத் தாண்டி ஓடும் ஆட்டத்தை அதற்குள் வெகுவாகக் குறைத்துக்கொண்டு, பாக்ஸைச் சுற்றியே நின்றார். நீங்களும் காத்திருக்கும் மாதங்களில் தொடையின் முன், பின் தசைகளைச் சமமாக வலுப்படுத்துங்கள். பழைய ஆட்டங்களைப் பார்த்து, எங்கே நின்றிருந்தால் ஓடாமலேயே பந்து கிடைத்திருக்கும் என்று யோசியுங்கள்.

எண்ணூரிலிருந்து ஒரு மாணவி: பெண்களுக்கும் இதில் எதிர்காலம் உண்டா? ஓய்வுக்குப் பிறகு என்ன வழி?

உண்டு. மதுரையின் சேது எஃப்சி 2018–19இல் இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது. கடலூரின் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்காக ஆடிக்கொண்டே தமிழ்நாடு காவல்துறையில் பணியாற்றியவர். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே, வங்கி, காவல்துறை வேலைக்கு முயல்வதை இரண்டாம் தரமாக நினைக்க வேண்டாம். சென்னைக் கால்பந்தைப் பல பத்தாண்டுகள் தாங்கிப் பிடித்தவை அலுவலக அணிகளே. ஆனால் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மாநில அணிக்கு ஆடியதற்கான படிவம் ஒன்று இல்லாமல் வேலையை இழந்த தோழி ஒருத்தி எனக்கு உண்டு. ஓய்வுக்குப் பிறகு பயிற்சியாளர் உரிமப் படிப்பு இருக்கிறது. சென்னையின் எஃப்சியில் ஆடிய ஜெஜெ லால்பெக்லுவா 2023இல் மிசோரம் சட்டமன்றத்துக்கே போய்விட்டார். அது எல்லாருக்கும் அமையாது.

13 வயது மாணவன், பெயர் சொல்லவில்லை: எனக்கு வலது காலால் மட்டுமே அடிக்க வருகிறது. இடது காலை எப்படிப் பழக்குவது சார்?

ஒரு சுவர் போதும் தம்பி. சுண்ணாம்புக்கட்டியால் முழங்கால் உயரத்தில் ஒரு கட்டம் வரைந்துகொள். மூன்றடி தள்ளி நின்று, இடது காலின் உட்புறத்தால் மெதுவாகத் தட்டு. திரும்பி வருவதை அதே காலால் நிறுத்து. நாளுக்கு நூறு. கட்டத்துக்குள் தொடர்ந்து பத்து பட்டால் இரண்டடி பின்வாங்கு. வலது கால் தரையில் எங்கே ஊன்றுகிறது என்று பார். பந்துக்குப் பக்கத்தில், குறியை நோக்கி ஊன்ற வேண்டும். முதல் இரண்டு வாரம் அசிங்கமாகத்தான் இருக்கும். தொடங்குவதற்கு முன் சுவருக்குச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். மதியம் இரண்டு முதல் நான்கு வரை அடிக்காதே.